பத்தொன்பது நாள் சார்ஜ்

உடையார்பாளையம்,
வைகாசி 4, திங்கட்கிழமை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மாப்பிள்ளை பிரேம் அவர்களுக்கு, மாமனார் ராசாங்கம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், உங்கள் அத்தை கமலவேணி, இரண்டு வெள்ளாடு, ஒரு இன்வெர்ட்டர், அனைவரும் சுகம். தாம்பரத்தில் தாங்களும், என் மகள் பூவிழியும், பேத்தி அபிநயாவும், பூவிழி வயிற்றில் இருக்கும் அடுத்த வாரிசும் சுகமாக இருக்கச் சிறுவாச்சூர் அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இன்று திங்கட்கிழமை, நடை திறந்திருக்கும் நாள், ஆகவே வேண்டுதல் உடனே போய்ச் சேரும்.

பொருள்: வயர் இல்லாத ஹெட்போன் ஒன்று – சார்ஜ் செய்தல், பராமரித்தல், ஆயுளை நீட்டித்தல் – அறிக்கை சமர்ப்பித்தல் தொடர்பாக.

பார்வை: தாங்கள் சித்திரை முதல் தேதி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குறிப்பு.

இதைப் போனிலேயே சொல்லலாமே மாமா என்று நீங்கள் நினைக்கலாம். போனில் சொன்னால் பூவிழி நடுவில் புகுந்து "அப்பா, மாத்திரை சாப்பிட்டியா" என்று பேச்சை மாற்றுகிறாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீங்கள் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள். போன மாதம் மட்டும் உங்களிடமிருந்து பதினோரு கட்டைவிரல் வந்திருக்கிறது. தப்பாகச் சொல்லவில்லை, எங்கள் ஆபீஸில் கட்டைவிரல் வைத்தவர்களெல்லாம் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள், நீங்களோ எம்.இ. படித்தவர். ஆகையால் இந்த விஷயத்தை முறைப்படி பேப்பரில் எழுதி, ஒப்புகைச் சீட்டு வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பதிலையும் எழுத்திலேயே எதிர்பார்க்கிறேன்.

முதலில் பின்னணி. உங்கள் அத்தை யூடியூபில் யாரோ ஒரு அம்மாள் சொல்லும் கொலைக் கதைகளைச் சத்தமாக வைத்துக்கொண்டு சமைப்பது உங்களுக்குத் தெரியும். கோழி அறுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறவள், கத்திரிக்காய் அரியும்போது பெட்டியில் பிணம் கிடந்த கதையைக் கேட்கிறாள். காலை ஏழு மணிக்கு இட்லியோடு ஒரு கொலை, பத்து மணிக்குக் குழம்பு கொதிக்கும்போது இன்னொன்று. இந்தச் சத்தம் தாங்க முடியவில்லை என்று நான்தான் உங்களிடம் புகார் செய்தேன். நீங்களும் தாமதம் இல்லாமல் ஹெட்போன் வாங்கி அனுப்பினீர்கள். ஆக இது என் மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை. அந்த வகையில் முழுப் பொறுப்பும் என்னுடையது, மறுக்கவில்லை.

பார்சல் ஜெயங்கொண்டம் கூரியர் கடைக்கு வந்து கிடந்தது. நானே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி, கடைசியில் இட்லித் தட்டின் இரண்டு குழியை வெட்டிக் கம்பியால் சேர்த்த மாதிரி ஒரு சாமான். உங்கள் அத்தை அதைத் தலையில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று என்ன சொன்னாள் தெரியுமா? "மாப்ளைக்கு என் மேல எவ்ளோ அக்கறை பாத்தீங்களா. முப்பத்தெட்டு வருசத்துல எனக்குன்னு ஒருத்தராவது ஒரு சாமான் வாங்கித் தரணும்னு நெனச்சாரே." இதில் 'ஒருத்தராவது' என்பது யாருக்கு விழுந்த அடி என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது தொழில் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கம்ப்யூட்டர் படித்தவர், நான் பேட்டரி படித்தவன். முப்பத்திரண்டு வருடம் சப்ஸ்டேஷன் ஆபரேட்டராக இருந்து, பேட்டரி ரூமில் ஐம்பத்தைந்து செல்லை நான் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவன். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்த்து, மணிக்கு ஒரு தடவை ரீடிங் எடுத்து லாக் புக்கில் எழுதி, ஒரு செல் சோர்ந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவனுக்கு நீங்கள், "மாமா, விளக்கு பச்சையானதும் எடுத்துடுங்க, ஒன்றரை மணி நேரம் போதும், இருபது பர்சென்டுக்குக் கீழே இறங்க விடாதீங்க, எண்பதுக்கு மேல ஏத்த வேணாம்" என்று எழுதினீர்கள். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. முக்கால் வயிறு சாப்பிடு என்று டாக்டர் மனுஷனுக்குச் சொல்வார், பேட்டரிக்கு யார் சொன்னது? எங்கள் செல்லுக்கு எப்போதும் நிறைந்த வயிறுதான். புது பேட்டரிக்கு முதல் சார்ஜ் எழுபத்திரண்டு மணி நேரம் என்பது எங்களுக்கு வேதம். ஆகவே மூன்று பகல், மூன்று இரவு போட்டேன்.

இரண்டாம் நாள் உங்கள் அத்தை வந்து நின்றாள். "கேக்கலாமா?" என்றாள். "இன்னும் ஊறல" என்றேன். "பச்ச ஒடம்புக்காரியவே மூணாம் நாளு எழுப்பி நடக்க விடுறாங்க, இதுக்கு என்ன இப்புடி ஒரு பத்தியம்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நான் அசரவில்லை. என் போனிலும் அதை இணைத்துக்கொண்டு மணிக்கு ஒரு ரீடிங் எடுத்து நோட்டில் எழுதினேன். முதல் மூன்று ரீடிங் தவிர்த்து மீதி அறுபத்தொன்பது ரீடிங்கும் நூறு, நூறு, நூறு. இவ்வளவு சீரான பேட்டரியை என் சர்வீஸிலேயே பார்த்ததில்லை. நோட்டை உங்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது.

அடுத்து சூடு. சூட்டில் வைக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். சரி, ஈரத்தில் வைக்கலாமா? சித்திரை வெயிலில் அடுப்படியில் நிற்கிறவளுக்குக் காதெல்லாம் வேர்த்து, அந்த மெத்தை இரண்டும் பிழிந்தால் தண்ணி வரும் போல ஆகிவிட்டது. பேட்டரிக்கு ஈரம் ஆகாது என்பது பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சமயம் எங்கள் தோப்பு முந்திரிக்கொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்தது. கொட்டையோடு கொட்டையாக ஹெட்போனையும் காயவைத்துவிட்டுப் பேப்பர் படிக்கக் கீழே வந்தேன். அணைத்து வைத்தீர்களா என்று கேட்பீர்கள். சப்ஸ்டேஷனில் எதையும் அணைத்துப் பழக்கமில்லை, மாப்பிள்ளை. மூன்று மணிக்கு வானம் கொஞ்சம் கருக்கவே, பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் நமக்கு உதவி செய்கிற நல்ல எண்ணத்தில் ஓடி வந்து, கொட்டையையெல்லாம் கூட்டி அள்ளிச் சாக்கில் கட்டிவிட்டாள். அதே நேரத்துக்கு முந்திரி வியாபாரியின் குட்டியானை வண்டியும் வாசலில் வந்து நின்றது. நாலு மூட்டை ஏறியது. ஐந்தாவது மூட்டையைப் பச்சையம்மாள் ஒரு பக்கமும் டிரைவர் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கும்போது, மூட்டைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் இங்கிலீஷில் பேசியது. "பேட்டரி லோ" என்றது.

பச்சையம்மாள் மூட்டையைப் போட்டுவிட்டு, "ஐயோ சாமி, சாக்குக்குள்ள யாரோ பொம்பள கெடக்குறா!" என்று போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அவளையும் குற்றம் சொல்ல முடியாது. ஆறு மாதமாக எங்கள் வீட்டு அடுப்படி வழியாக அத்தனை கொலைக் கதையும் அவள் காதிலும் விழுந்திருக்கிறது. வண்டி டிரைவர், "நான் ஏத்த மாட்டேங்க, எனக்குப் புள்ளகுட்டி இருக்கு" என்று தள்ளிப் போய் நின்றுகொண்டார். நான் மூட்டையை அவிழ்த்துக் கையை விட்டு ஹெட்போனை எடுத்துக் காட்டிய பிறகுதான் கூட்டம் கலைந்தது. அதுவும் அரை மனதாகத்தான் கலைந்தது. உங்கள் அத்தை வாசப்படியில் நின்று பார்த்துவிட்டு, "இதுவரைக்கும் நான் கதையிலதான் கேட்டேன்" என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மூட்டையிலிருந்து மீண்ட ஹெட்போனில் தூசு. சார்ஜ் போடும் ஓட்டையில் முந்திரித் தோலின் பிசுக்கு. பேட்டரி முனையில் வாசலின் தடவினால் பூஞ்சை பிடிக்காது என்பது எங்கள் கைவேலையின் முதல் பாடம், ஆகவே துடைத்துவிட்டுத் தாராளமாகத் தடவினேன். வயர் ஓட்டைக்குள் நிற்க மாட்டேன் என்று வழுக்கி வழுக்கி வெளியே வந்தது. இரண்டு நாள் விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருந்தது, சார்ஜ் ஏறவில்லை. "ஓட்டைல எண்ணெயத் தடவிட்டு நில்லு நில்லுன்னா எங்கேருந்து நிக்கும்?" என்று கேட்டுக்கொண்டே உங்கள் அத்தை துணியைத் திரி மாதிரி முறுக்கி விட்டுச் சுத்தம் செய்தாள். அதன் பிறகு ஒழுங்காக ஏறியது. ஆனால் பலன் உள்ளே போய்விட்டிருக்கும் என்பது என் துணிபு. அதற்கான ஆதாரம் கீழே வருகிறது.

இந்தக் குளறுபடிக்குப் பிறகு நிர்வாகத்தை நான் கையில் எடுத்துக்கொண்டேன். பேட்டரி ரூம் சாவி ஆபரேட்டரிடம்தான் இருக்க வேண்டும். சார்ஜ் வயரைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன். சார்ஜ் வேண்டுமென்றால் அவள் கேட்க வேண்டும், நான் ரீடிங் பார்த்து வழங்க வேண்டும். இதில் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

இனி சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமான பகுதி. ரீடிங் எடுப்பதற்காக ஹெட்போன் என் போனிலும் இணைந்திருந்தது என்று சொன்னேன் அல்லவா. சித்திரை பதினாறாம் தேதி புதன்கிழமை காலை, என் பழைய ஷிப்ட் கூட்டாளி வீரமணி எனக்குப் போன் செய்தான். எடுத்தேன். "அலோ, அலோ" என்கிறேன், ஒரு சத்தமும் இல்லை. டவர் இல்லை போலிருக்கிறது என்று வாசலுக்குப் போனேன், தெருமுனை வரைக்கும் போனேன், வேப்பமரத்தடியில் நின்று கையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். டவர் இருந்தது. வீரமணி பேசிக்கொண்டும் இருந்தான். ஆனால் அவன் பேசியது அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்த உங்கள் அத்தையின் இரண்டு காதிலும். மறுநாள் டீக்கடையில் அவன் வாயாலேயே இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவன் எடுத்த எடுப்பில் இப்படிக் கேட்டிருக்கிறான்:

"என்னடா ராசாங்கம், தங்கச்சி அஞ்சு மாசம் மெட்ராஸு போவுது, இனிமே என் வூட்டுக்கு நான்தான் ராசான்னு நேத்து அந்தத் துள்ளு துள்ளுனியே, டிக்கெட் போட்டாச்சா?"

அதற்கு உங்கள் அத்தை கொஞ்சமும் பதறாமல், "வைகாசி பதிமூணு டிக்கெட்டுண்ணே. பட்டாபிசேகத்துக்கு நான் இருக்க மாட்டேன், நீங்கதான் கூட நின்னு நடத்திக் குடுக்கணும்" என்றிருக்கிறாள்.

மாப்பிள்ளை, ஆம்பிளைகள் டீக்கடையில் நாலு வார்த்தை பேசுவது உண்டு. அவன் மனைவி ஊருக்குப் போனபோது அவனும் இதையே சொன்னான், நான் பதிலுக்குச் சொல்லாவிட்டால் மரியாதை இருக்காது. மனைவி பிரசவம் பார்க்கப் போகிறாள், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று ஒருத்தன் பெஞ்சில் உட்கார்ந்து சொல்ல முடியுமா? அப்படி ஏதும் இல்லவும் இல்லை, ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

அன்றிலிருந்து உங்கள் அத்தை என் போனை அதிலிருந்து கழற்றிவிட்டாள். ஹெட்போனைக் காலையில் மாட்டினால் மாலை விளக்கு வைக்கிற நேரம் கழித்துத்தான் கழற்றுகிறாள். நான் கூப்பிட்டால் திரும்புவதில்லை. கேள்வி கேட்டால் பதில் இல்லை. தட்டு வைக்கும் சத்தத்தை வைத்துச் சாப்பாடு தயார் என்று நானே தெரிந்துகொள்கிறேன். கோபமெல்லாம் இல்லை, கொலைக் கதையில் அவ்வளவு சுவாரசியம். மடியில் போன், தலையில் ஹெட்போன், உலகம் மறந்துவிட்டாள்.

இப்போது இந்தக் கடிதத்தின் முக்கியமான செய்தி, வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பியதன் மொத்தக் கணக்கு. உட்கார்ந்துகொண்டு படியுங்கள். அந்தப் பதினாறாம் தேதிக்குப் பிறகு இன்றோடு பத்தொன்பது நாள். நாள் ஒன்றுக்குச் சராசரி பன்னிரண்டு மணி நேரம் அது அவள் தலையில் இருக்கிறது. இருநூற்று இருபத்தெட்டு மணி நேரம். இதுவரை ஒரு தடவைகூட அவள் சார்ஜ் கேட்கவில்லை. வயர் என் பீரோவில், சாவி என் இடுப்பில். பெட்டியில் கம்பெனிக்காரன் போட்டிருப்பது என்ன? நாற்பது மணி நேரம். அவன் கொடுத்தது நாற்பது, ராசாங்கம் கை பட்டதும் இருநூற்று இருபத்தெட்டு, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது! மூன்று நாள் ஊறல், முந்திரி வெயில், வாசலின், இந்த மூன்றும் சேர்ந்து உள்ளே என்னவோ செய்திருக்கிறது. தயவுசெய்து இதைக் கம்பெனியின் கவனத்துக்குக் கொண்டு போங்கள். எனக்குப் பணம் காசு வேண்டாம், பெட்டியின் ஓரத்தில் 'உடையார்பாளையம் முறை' என்று சின்ன எழுத்தில் போட்டால் போதும். உங்கள் இருபது எண்பதை என்ன செய்வது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் காது அடைத்துக் கிடக்கிறது என்பதற்காக நான் பேசாமல் இருக்க முடியுமா? அவள் காய் அரிகிறபோது பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். சும்மா தொழில் விஷயங்கள். உண்மையைச் சொன்னால் இது சௌகரியமாகவே இருக்கிறது. குறுக்கே கேள்வி வருவதில்லை, "அப்ப ஒங்க அக்கா சொன்னது மட்டும் சரியா" என்று பழைய கணக்கு எழும்புவதில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் நான் தொடங்கிய வாக்கியத்தை நானே முடிப்பது இப்போதுதான். இன்னொரு அதிசயமும் பாருங்கள். போன வாரம் ஒருநாள், கருவாட்டுக் குழம்பு தின்று எத்தனை நாளாச்சு என்று சும்மா வாய்விட்டுச் சொன்னேன், மறுநாள் தட்டில் கருவாட்டுக் குழம்பு. இடது முட்டி இழுக்கிறது என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன், சாயங்காலம் கட்டில் மேல் தைல பாட்டில். இத்தனை வருடம் கூட வாழ்ந்தால் சொல்லாமலே மனசு தெரிந்துவிடும் என்பார்கள், அது இதுதான் போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை நான் எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அரிந்துகொண்டிருந்தது முருங்கைக்காய். முருங்கைக்காய்க்குக் கண் எரியுமா என்று எனக்குத் தெரியாது. கதையில் யாராவது குழந்தை செத்திருக்கும்.

சரி, பிரயாண விஷயம். அடுத்த வாரம் புதன்கிழமை உங்கள் அத்தையை அரியலூர் ஸ்டேஷனில் நான் ரயில் ஏற்றிவிடுகிறேன், தாம்பரத்தில் நீங்கள் இறக்கிக்கொள்ளுங்கள். தலைப்பிரசவம் நாங்கள் பார்த்தோம், இரண்டாவதற்கு அவள் அங்கே வருவதுதான் நியாயம், சம்பந்தியம்மாவுக்கும் முட்டி வலி, ஒத்தையில் பார்க்க முடியாது. ஐந்து மாதம் என்ன, ஆறு மாதமே இருக்கட்டும். என்னைப் பற்றிக் கவலையே வேண்டாம். ரைஸ் குக்கர் எனக்குத் தெரியும். ரசமும் ஏறக்குறையத் தெரியும். சப்ஸ்டேஷனில் டிரான்ஸ்பார்மர் முனகுவதை மட்டும் கேட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவனுக்குப் பேச்சுத் துணை எதற்கு? நான் பரம சௌகரியமாக இருப்பேன். இதைப் பூவிழியிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

ஆனால் ஒரே ஒரு நிர்வாகச் சிக்கல். ஹெட்போன் அவளோடு அங்கே வரும். பேட்டரி ஒரு இடத்திலும் ஆபரேட்டர் ஒரு இடத்திலும் இருக்கக் கூடாது என்பது விதி. இருநூற்று இருபத்தெட்டு மணி நேரத்துக்குக் கொண்டுவந்த ஒரு பேட்டரியை, இருபது எண்பது என்று பேசுகிற வீட்டுக்குத் தனியாக அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. நானாக வருகிறேன் என்று சொல்லவில்லை. பெண் கொடுத்த வீட்டில் மூன்று வேளைக்கு மேல் கை நனைக்கக் கூடாது என்று என் அப்பா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று ஊரும் சொல்கிறது. ஆனால் அதெல்லாம் விருந்தாளிக்கு. டூட்டியில் வருகிறவனுக்குப் பொருந்தாது. டூட்டியில் சாப்பிடுவது சாப்பாட்டுக் கணக்கில் வராது, பயணப்படிக் கணக்கில் வரும். ஆகவே, பராமரிப்புக்கு ஆள் தேவை என்று நீங்கள் கருதும் பட்சத்தில், பொறுப்பான இடத்திலிருந்து ஒரு வரி எழுதினால், மறுக்க முடியாத நிலையில் நான் புறப்பட்டு வருவேன். கட்டைவிரல் போதாது. கையெழுத்து வேண்டும். வராவிட்டாலும் ஒன்றுமில்லை.

வேறு விசேஷம் இல்லை. பூவிழியைக் குனிந்து நிமிர்ந்து வேலை செய்ய விடாதீர்கள். அபிநயாவுக்கு என் முத்தம். சம்பந்தி இருவருக்கும் என் வணக்கம். பிறக்கப்போகிற பிள்ளை கைகால் சுகத்தோடு, அம்மாவின் நிறத்தோடும் தங்கள் பொறுமையோடும் பிறந்து, நீடூழி நூறு பர்சென்ட்டில் வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
மு. ராசாங்கம்,
சப்ஸ்டேஷன் ஆபரேட்டர் (ஓய்வு).

பி.கு. (செவ்வாய்க்கிழமை காலை): நேற்றுக் கடிதத்தை முடித்துவிட்டு உறையை ஒட்டப் பசை தேடினேன். உங்கள் அத்தைதான் எடுத்துக் கொடுத்தாள். கொடுத்தவள் கடிதத்தையும் கையில் வாங்கி, ஹெட்போனைக் கழற்றாமல், நின்றபடியே அத்தனை பக்கத்தையும் படித்தாள். படித்து முடித்து அதைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

"இது செத்துப் பத்தொம்போது நாளாச்சு" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சொன்னாள்: "வீரமணி அண்ணன் பேசுன மறுநாளே பேட்டரி லோன்னு சொல்லிட்டு அணைஞ்சு போச்சு. வயரக் கேப்போம்னு ஒங்களத் தேடிக்கிட்டு கொல்லைக்கு வந்தேன். நீங்க ஆட்டுக்கிட்ட நின்னு பேசிக்கிட்டு இருந்தீங்க. 'அம்மா போவப்போறாடா, நாம என்னடா பண்ணப்போறோம்'னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க. நான் வயரக் கேக்காம திரும்பி வந்துட்டேன்."

"அப்புறம் நான் பேசுனது?"

"எல்லாம் கேட்டுச்சு. மாத்தரைய யாரு எடுத்து வைப்பான்னு கேட்டீங்க. சாயங்காலம் விளக்கு வச்சதும் நெஞ்சு படபடங்குதுன்னு சொன்னீங்க. நீ இல்லாட்டி இந்த வூடு வூடா இருக்காதுடின்னு வெள்ளிக்கெழம சொன்னீங்க."

சொன்னேன், மாப்பிள்ளை. கேட்காது என்று நினைத்துத்தான் சொன்னேன், ஆனால் சொன்னது அத்தனையும் நிஜம். தனியாக இருக்க எனக்குப் பயம். மேலே சௌகரியமாக இருப்பேன் என்று எழுதியிருப்பதை அடித்துவிடவும்.

"அப்பவே ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன். "சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்க" என்றாள்.

உங்கள் கையெழுத்தும் தேவைப்படவில்லை. மூன்றாம் நாளே அவள் பூவிழியிடம் சொல்லி, பூவிழி உங்களிடம் சொல்லி, நீங்கள் பதிமூன்றாம் தேதிக்கு இரண்டு டிக்கெட் போட்டுவிட்டீர்களாம். அதற்குப் பிறகும் நான் எண்பது மணி நேரம், நூறு மணி நேரம் என்று பெருமை அடித்து அனுப்பிய செய்திக்கெல்லாம் ஒன்றும் தெரியாத மாதிரி கட்டைவிரல் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். இருக்கட்டும். என் வேட்டி நாலும் அவள் பெட்டியில் ஏற்கெனவே போய்விட்டது. ஆடு இரண்டும் பச்சையம்மாள் பொறுப்பு. கை நனைப்பதைப் பற்றிக் கேட்டதற்கு, "ஒங்கப்பா மக வூட்டுக்குப் போவாம இருந்துட்டுப் போயிட்டாரு, ஒங்க அக்கா இன்னிக்கும் அதச் சொல்லி அழுவுறாங்க. நீங்க சாப்புடுங்க" என்றாள்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றேன். "அனுப்புங்க, மாப்ளையும் சிரிக்கட்டும்" என்று அவளே பசை தடவிக்கொண்டிருக்கிறாள்.

கடைசியாக ஒன்று. வயரை எடுத்து ஹெட்போனை நேற்று நாலு மணி நேரம் சார்ஜில் போட்டுப் பார்த்தேன். விளக்கு வரவில்லை. காலியாக ரொம்ப நாள் கிடக்க விட்டால் பேட்டரி திரும்ப எழுந்திருக்காது என்று உங்கள் குறிப்பில் கடைசி வரியாக எழுதியிருந்தீர்கள், அது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். கம்பெனியிடம் சொல்லி மாற்றி வாங்கிவிடாதீர்கள்.